ஒரு முகமும் இல்லாத மண்

எங்கள் வீரகத்தி அம்மான் செத்தவர்களின் கண்ணைத் திறப்பார். மந்திரம் ஒன்றும் கிடையாது. பென்சிலால்தான்.

அவர் என் அம்மாவின் தமையன். முள்ளியவளையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், சைக்கிள் கடைக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் நடுவில் அவருடைய படக்கடை. முன்னுக்குக் கடை, பின்னுக்கு வீடு. கடைச் சுவரில் கலியாணப் படம் நாலைந்து தொங்கும். அவற்றில் இரண்டு மாப்பிள்ளைமாருக்குக் கரியால் மீசை வைத்தது யார் என்று இன்னும் விசாரணை நடக்கிறது. நான் அதைப்பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கலியாணப் படம் சுவருக்கு. பிழைப்பு செத்தவீட்டில். எங்கள் பக்கத்துச் சனம் உயிரோடு இருக்கும்வரை கமெராவுக்கு முன் வந்து நிற்பது குறைவு. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்பார்கள். செத்தபிறகு குறைய ஒன்றுமில்லைத்தானே. பிரேதத்தைக் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, பெட்டியில் வைத்து, சொந்தக்காரர் சுற்றி நின்றதும் அம்மானுக்கு ஆள் வரும். அவர் முக்காலியை விரித்துக் கறுப்புச் சீலைக்குள் தலையை விடுவார். அந்த நேரம் ஒப்பாரி நிற்கும். ஆடினால் படம் கலங்கும் என்று கிழவிகளுக்கும் தெரியும். கமெராவின் மூடியைக் கழற்றித் திரும்பப் போட்டதும், விட்ட இடத்திலிருந்து அழுகை தொடரும்.

பிறகு ஒரு மாதம் போக, வீட்டுக்காரர் வருவார்கள். "அப்புவைத் தனிய எடுத்துக் கண்ணைத் திறந்து தாங்கோ." அம்மான் அந்தப் படத்தில் செத்தவரின் முகத்தை மட்டும் பெருப்பித்து, மூடிய இமைக்கு மேல் பென்சிலாலும் மையாலும் கண் வரைவார். வரையமுன் கேட்பார், ஆள் எப்படிப் பார்க்கும், கோபக்காரரா, சிரிக்கிறவரா என்று. அவர்கள் சொல்லச் சொல்லக் கண் வரும். இளையதம்பி என்றொருவருக்கு மாறுகண். அம்மான் மரியாதைக்காக அதை நேராக்கிக் கொடுத்தார். பெண்சாதி படத்தைப் பார்த்துவிட்டு, "இவர் ஆர்?" என்று கேட்டா. அடுத்த நாள் திரும்பக் கொண்டுவந்து மாறுகண்ணாக்கிக் கொண்டுபோனா.

இப்படி ஊருக்கெல்லாம் கண் திறந்த மனிதருக்குத் தன் பிள்ளையின் கண்ணைத் திறக்க முடியாமல் போனது.

பிள்ளையின் பெயர் விமலேஸ்வரி. ஒரே பிள்ளை. ஐந்து வயது முடிந்திருந்தது. எனக்கு வாய்த்த மிகச் சிறந்த கூட்டாளி அவள். நான் செய்கிற எல்லாக் களவுக்கும் வாசலில் நின்று காவல் காப்பாள். ஒரு மார்கழி மழையில் காய்ச்சல் வந்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். படக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு உயிரோடு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அம்மானின் பெண்சாதி சிவனேஸ்வரி மாமி எடுக்க விடவில்லை. "உங்கடை கமெரா செத்த ஆக்களைப் பாத்துப் பழகினது. என்ரை பிள்ளைக்கு நேரை பிடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டா. அம்மான் சிரித்து விட்டுவிட்டார்.

செத்த அன்று அந்தப் பக்கத்தில் வேறு படக்காரர் இல்லை. அவரே முக்காலியை விரித்தார். அவரே சீலைக்குள் தலையை விட்டார். கமெராவின் பின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அவர் அதற்குள் வெகுநேரம் இருந்தார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அந்தப் படத்தில்தான் கண் திறக்கப் பார்த்தார். வரைந்து முடித்துக் குசினி வாசலுக்குக் கொண்டுபோவார். மாமி அடுப்படியில் இருந்தபடி கையை இடுப்புச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்ப்பா.

"இது எங்கடை பிள்ளை இல்லை."

திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பை ஊதுவா. அவ்வளவுதான் கதை. அம்மான் அதை அழித்துவிட்டு வேறொரு பிரதியில் தொடங்குவார். ஒருமுறை வந்த கண் நெடுங்கேணியில் செத்த ஒரு வாத்தியாருடையது. எனக்கே அடையாளம் தெரிந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்திலிருந்து ஒரு வாத்தியார் என்னை முறைத்துப் பார்த்தார். சிரிப்பு வரவேண்டிய விஷயம். வரவில்லை.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் சோறு தின்றுகொண்டிருக்கும்போது அம்மான் சொன்னார்:

"பென்சிலைத் தொட்டால் கடைசியாப் பாத்த பிரேதத்தின்ரை கண்தான் வருது. தலைக்குள்ளை சனம் நிறைஞ்சு போச்சு. ஒரு முகமும் இல்லாத இடமாப் போய், அதைப் பாத்து ஒரு படம் எடுத்தனெண்டால் கண் கழுவுப்படும். பிறகு பிள்ளை வருவாள்."

மாமி சோற்றைப் போட்டபடி, "கடல் கிட்டத்தானே. போய்ப் பாருங்கோவன்" என்றா.

"கடலிலை வள்ளம் நிக்கும். வள்ளத்திலை ஆள் நிப்பான்."

"வயல்?"

"வயலிலை கொக்காவது நிண்டு பாக்கும்."

"காடு கிடக்குத்தானே அம்மான், நாலு பக்கமும்" என்றேன் நான்.

"காட்டுக்கை போனால் ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஆரோ நிக்கிறமாதிரிக் கிடக்கு" என்றார்.

இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அற்புதம் அக்கா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாட்டுக் கடகத்தோடு வந்து, எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் குடித்து, ஊர்க் கதையெல்லாம் இறக்கிவிட்டுப் போகிறவா. அவாவின் தங்கை புனிதமலர் வடமராட்சிக் கரையில், மணற்காட்டில் கலியாணம் கட்டியிருந்தா.

"அங்கை வாங்கோ அண்ணை. மலை மலையா மண். படிச்ச ஆக்கள் பாலைவனம் எண்டு சொல்லுறவை. யாழ்ப்பாணத்திலையிருந்து கார் பிடிச்சு வந்து பாத்திட்டுப் போகினம். பழைய கோயிலையே மண் விழுங்கிப்போட்டுது, சுவர்தான் மிச்சம். ஏறி நிண்டால் ஒரு முகமும் தெரியாது."

"ஒரு முகமும்?"

"என்ரை தங்கச்சியின்ரை மனிசன்ரை முகமே அங்கை பாக்கேலாது. அவன் எப்பவும் கடலிலை."

அன்றைக்கு அம்மான் சிரித்தார். பிள்ளை போனபிறகு முதல்தரம். அதோடு பயண வேலை தொடங்கியது. சோளகக் காற்று ஊதுகிற மாதங்களில் மண் பறந்து கமெராவுக்குள் போய்விடும். மாரி தொடங்கினால் மழை. ஆகவே இரண்டுக்கும் நடுவில், புரட்டாசியில் போவது. வெயில் சரிந்தபிறகு எடுப்பது. அப்போதுதான் மண்ணின் வரிகளில் நிழல் விழும். கமெராவுக்கு மாமி மாச்சாக்கில் உறை தைத்தா. யாழ்ப்பாணத்திலிருந்து, படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டுகள் புதிதாக வந்தன. அந்தப் பெட்டியைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று அம்மான் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை மட்டும்.

முக்காலிதான் பிரச்சினை. மண்ணில் புதையும். அதற்கு அவர் நெல் குத்துகிற மில்லுக்குப் பின்னால் இருந்த உமிக் குவியலில் ஒத்திகை பார்த்தார். மூன்று காலுக்கும் மூன்று சிரட்டையைக் குப்புறக் கட்டினார். முக்காலி சிரட்டைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு உமி மலையில் நின்றது. ஊரே வந்து பார்த்தது. அவர் சீலைக்குள் தலையை விட்ட நேரம் நான் உமி உச்சியில் மில்காரரின் சேவலைக் கொண்டுபோய் விட்டேன்.

சீலைக்குள் இருந்தே குரல் வந்தது. "பெட்டை, அந்தச் சேவலை இறக்கு."

"அது தலைகீழா நிக்குதோ அம்மான்?"

"நிக்குது. உன்னையும் ஒரு நாள் அப்பிடி நிப்பாட்டுவன். இறக்கு."

குரலில் கோபம் இல்லை. நான் சேவலைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போது, வாசலில் காவல் நிற்க ஆள் இல்லை என்று ஞாபகம் வந்தது.

புரட்டாசி பிறந்ததும் புறப்பட்டார். மாமி என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னா. அவரிடம் சொன்ன காரணம், பொதி தூக்க. என்னிடம் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னது வேறு.

"மனிசன் மண்ணைக் கண்டால் அப்பிடியே நடந்து கடலுக்கை போனாலும் போகும். கையை விடாதை, பிள்ளை."

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஐயாத்துரை சைக்கிளில் வந்தார். தண்ணிமுறிப்புப் பக்கம் வயல் செய்கிறவர். சைக்கிளால் இறங்கி, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தார். தலைப்பாகை கையில் வந்தால் விஷயம் தெரிந்ததுதான்.

"ஐயா போட்டார், அண்ணை."

அம்மான் பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்தார். பஸ் வந்தது. நின்றது. போனது. செத்தவீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்ன படக்காரனை நான் கேள்விப்பட்டதில்லை. கலியாணத்துக்குச் சொல்லலாம், கலியாணம் இன்னொரு நாளும் நிற்கும். ஐயாத்துரையின் தகப்பனுக்கு ஏழு பிள்ளைகள். பிள்ளைகளோடு ஒன்று, பேரப்பிள்ளைகளோடு ஒன்று, பெண்சாதியோடு ஒன்று, தனிய ஒன்று. மண்ணுக்கென்று வாங்கிய பெட்டியில் இரண்டு பிளேட் மிஞ்சியது.

"இரண்டு காணும்" என்றார் அம்மான். "மண் ஆடாதுதானே."

அடுத்த கிழமை போனோம். பரந்தன், ஆனையிறவு, பிறகு பருத்தித்துறை. அங்கிருந்து இன்னொரு பஸ்; அதன்பிறகு நடை. அற்புதம் அக்கா இரண்டு நாள் முன்னே போயிருந்தா, தங்கைக்கு எங்கள் வரவைச் சொல்ல. நான் முக்காலியைத் தோளில் வைத்திருந்தேன். சிரட்டைகள் நடைக்கு நடை முட்டிக்கொண்டன. தூரத்தில் வெள்ளையாக மண் மேடு தெரிந்ததும் அம்மான் நடையை வேகமாக்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன். என்ன இது, சின்னப்பிள்ளை மாதிரி, என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஊர் எல்லையில் வலை காயப்போட்டிருந்த இடத்தில் நின்ற ஒருவர் எங்களைக் கண்டதும் உள்ளுக்குத் திரும்பிக் கூப்பிட்டார்.

"படக்காரர் வந்திட்டார். பெட்டியை மூடவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

நாங்கள் தங்கவேண்டிய வீடுதான். புனிதமலரின் மகன் ஸ்ரீபனுக்கு ஆறு வயது. முதல்நாள் பின்னேரம் காய்ச்சலில் போயிருந்தான். படக்காரர் எப்படியும் இன்றைக்கு வருவார் என்று அற்புதம் அக்கா சொன்னதால், வெயில் ஏற ஏறப் பெட்டியை மூடாமல் வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்படிக் கமெராவோடு அவ்வளவு தூரம் ஒரு மனிதர் வேறு எதற்கு வருவார்? மண்ணைப் படம் எடுக்க என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அற்புதம் அக்கா அம்மானின் முகத்தைப் பார்க்காமல் சொன்னா. "அண்ணை, இவளிட்டைப் பொடியன்ரை படமொண்டும் இல்லை."

"ஓம்" என்றார் அம்மான். "முக்காலியை விரி, பெட்டை."

முற்றமும் மண்தான். சிரட்டைச் சப்பாத்துகள் நன்றாக நின்றன. ஒரு பிளேட் குடும்பத்தோடு. மற்றது முகம் மட்டும், கண் திறக்க. புனிதமலர் அழவில்லை. அம்மான் கேட்கமுன்னமே அவாவே வந்து சொன்னா, "அவன் ஆரைப் பாத்தாலும் ஏதோ களவு செய்திட்டு நிக்கிறமாதிரிப் பாப்பான், ஐயா. ஒரு களவும் செய்திருக்க மாட்டான்."

அம்மான் ஒரு நிமிஷம் அவாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேதக்காரர் புதைக்கிற சேமக்காலை மண் மேட்டின் அடியில். பெட்டியோடு நாங்களும் போனோம். வெயில் சரிந்து, வரிகளில் நிழல் விழுந்திருந்தது. கண்ணுக்கு எட்டுகிறவரை மண். நடுவில் கறுப்பு உடுப்போடு சனம். அம்மான் ஒருமுறை மேட்டை நிமிர்ந்து பார்த்தார். பிளேட் இல்லை. பிறகு குழியைப் பார்த்தார்.

முள்ளியவளைக்குத் திரும்பிப் பிளேட்டைக் கழுவி, முகத்தைப் பெருப்பித்து, முப்பதாம் நாள் கிட்டவரக் கண் வரைய உட்கார்ந்தார். அன்று அவர் யோசித்து வரையவில்லை. தேத்தண்ணீர் ஆறமுன் முடித்துவிட்டார். காயவைக்கக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். மாமி உடுப்பு எடுக்கப் போனவா, அந்தக் கயிற்றுக்கு முன்னால் நின்றுவிட்டா.

"இஞ்சாருங்கோ."

அம்மான் எழும்பிப் போனார். நானும் போனேன். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேர்ட், எண்ணெய் வைத்து இழுத்த தலை, வேறு ஊர்ப் பொடியன். அவன் முகத்திலிருந்து விமலேஸ்வரி பார்த்தாள். நான் உள்ளே சீனிப் போத்தலைத் திறக்கும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"இது எங்கடை பிள்ளை" என்றா மாமி.

படத்திலிருந்து கண்ணெடுக்காமல் மாமி கேட்டா, "இதை ஆருக்குக் குடுக்கப் போறியள்?"

"பெத்தவளுக்குத்தான்."

"இதைப்போலை இன்னொண்டு எடுத்திட்டுக் குடுங்கோவன்."

"பிளேட் இல்லை. வரக் கிழமை செல்லும். முப்பதாம் நாள் பூசை நாளைக்கு. அற்புதம் பஸ்ஸுக்கு வந்திருக்கிறா." அம்மானின் குரலில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு தெம்பு இருந்தது. "நீ யோசியாதை. கை பிடிச்சிட்டுது. இனி எத்தினைதரமும் வரும்."

மாமி படத்தைக் கயிற்றிலிருந்து கழற்றித் தானே மடித்த கடதாசியில் சுற்றினா. சுற்றமுன் தன் சீலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தா. மை காய்ந்திருந்தது, துடைக்க ஒன்றுமில்லை. அற்புதம் அக்கா அதைக் கடகத்துக்குள், கருவாடு படாமல் பார்த்து வைத்துக்கொண்டு போனா.

அந்தக் கண் திரும்ப வரவில்லை. அன்று பின்னேரமே பிள்ளையின் படத்தில் தொடங்கினார். குசினி வாசலில் மாமி பார்த்தா. இல்லை என்று தலையை ஆட்டினா. அடுத்த நாள். அதற்கடுத்த நாள். இப்போது வாத்தியாரும் வரவில்லை, ஐயாத்துரையின் தகப்பனும் வரவில்லை. வெறும் கண் வந்தது. கடையில் விற்கிற பொம்மைக்கு இருக்குமே, அது. தை பிறந்தபோது அவர் மற்றவர்களின் கண் திறப்பதையும் விட்டார். "மூடினபடியே வைச்சிருங்கோ" என்று சொல்லி அனுப்பினார். சனம் கோபித்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனது.

அவர் கடைக்குள் கதிரையில் இருந்து றோட்டைப் பார்ப்பார். நான் மிச்ச மாப்பிள்ளைமாருக்கும் மீசை வைத்தேன். நேரே பார்த்தார். அழிக்கச் சொல்லவில்லை. எனக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான். இரவோடிரவாக நானே அழித்தேன்.

யோசனை சொன்னது மாமி. "அந்தப் படத்தையே போய்ப் படம் பிடிச்சுக்கொண்டு வருவம். நானும் வாறன்."

சோளகம் அடங்கும்வரை பார்த்திருந்தோம். திரும்பவும் மாச்சாக்கு உறை, சிரட்டைகள், புதுப் பிளேட். மணற்காட்டுக்கு மாமி அதற்கு முன் போனதில்லை. மடியில் ஒரு சின்னப் பார்சல் வைத்திருந்தா. என்ன என்று தொட்டுப் பார்த்தேன். அதிரசம். படத்தில் இருக்கிற கண்ணுக்கு.

புனிதமலர் எங்களைக் கண்டதும் ஓடி வந்து மாமியின் கையைப் பிடித்தா.

"ஐயா தந்த படம் உயிரோடை இருந்தமாதிரித்தான், அம்மா. எனக்கு ஒரு குறையும் இல்லை."

"அதை ஒருக்காப் பாப்பமோ, பிள்ளை?" என்று மாமி கேட்டா. "இவர் அதை ஒரு படம் எடுக்கப்போறார்."

புனிதமலரின் முகம் மாறியது. "வீட்டிலை இல்லை. சேமக்காலையிலை அவன்ரை சிலுவையிலை கண்ணாடி போட்டுப் பூட்டினனாங்கள். இஞ்சை அப்பிடித்தான் வழக்கம். வாற போற ஆக்கள் பாத்துச் செபிப்பினம்." மேட்டுப் பக்கம் திரும்பிச் சொன்னா, "இந்த முறைச் சோளகம் பொல்லாதது, அம்மா."

கூட்டிக்கொண்டு போனா. மேடு நகர்ந்து வந்திருந்தது. போன வருடம் நாங்கள் நின்ற இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் மண். அந்த வரிசையில் ஒரு சிலுவையும் இல்லை.

"இந்தளவுக்கைதான் எங்கையோ" என்று புனிதமலர் கையால் காட்டினா. "என்ரை மனிசன் இரண்டுதரம் தோண்டிப் பாத்தவர். தோண்டத் தோண்டச் சரியுது. காத்து மாறினால் தானாய் வெளியிலை வருமெண்டு கிழடுகள் சொல்லுதுகள். எப்பவெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

வெயில் சரிந்துகொண்டிருந்தது. வரி வரியாக நிழல். உச்சிவரை ஒரு காலடி இல்லை, ஒரு கொக்கு இல்லை, ஒரு முகமும் இல்லை. உமிக் குவியலில் அவர் ஒத்திகை பார்த்த படம் அப்படியே முன்னால் கிடந்தது.

அம்மான் முக்காலியை வாங்கி விரித்தார். சீலைக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. சீலை ஆடியது. காற்று இல்லை. நான் கிட்டப் போகப் பார்த்தேன்.

"விடு, பிள்ளை" என்றா மாமி. அதிரசப் பார்சலை அவிழ்த்து மண்ணில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தா.

கடைசியில் கை மட்டும் வெளியே வந்து மூடியைக் கழற்றியது. திரும்பப் போட்டது. ஒரு பிளேட்தான் எடுத்தார்.

முள்ளியவளையில் அதைக் கழுவிக் காயவைத்து, வழமைபோலக் குசினி வாசலுக்குக் கொண்டுபோனார். மாமி கையைத் துடைத்துவிட்டு வாங்கினா. நான் துருவலைக்கு முன்னால் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவா சொல்லப்போவது எனக்கு மனப்பாடம். காதைப் பொத்தலாம் என்றால் கையெல்லாம் தேங்காய்ப்பூ.

மாமி அந்த வெறும் மண்ணை மூலை மூலையாகப் பார்த்தா. விரலால் ஒரு இடத்தைத் தொட்டா. புனிதமலர் கை காட்டிய இடம்.

"ஓம்" என்றா. "இதுக்கைதான் இருக்கிறாள்."

சாமி விளக்குக்குப் பக்கத்தில் இப்போது அந்தப் படம்தான் தொங்குகிறது. கண் மூடிய படத்தை மாமி அலுமாரிக்குள் வைத்துவிட்டா. வருகிறவர்கள் கேட்கிறார்கள், ஏன் மண்ணுக்குப் பூ வைக்கிறியள் என்று. அம்மான் றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அந்தப் படத்தில் மட்டும் ஒன்றும் கீறவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க, மாமி விடிய எழும்பியதும் முற்றத்துக்குப் போகிறா.